பற்றுச்சீட்டின் பின்பக்கம்

கீரிமலையில் மலை இல்லை.
பெயரை நம்பி ஏறப் போனால்
கேணி, அதற்கப்பால் கடல்.
உரும்பிராயில் பிறந்து நாற்பத்தொரு வருடத்தில்
நான் ஏறிய ஆக உயரமான இடம்
ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி,
அதுவும் லிப்டில்.

நுவரெலியாவுக்கு வான் பேசியதும்
தனலெட்சுமியிடம் போனோம்.
கஸ்தூரியார் வீதி மருந்துக்கடையில் நான் கணக்கு,
மேல்தட்டு மருந்தெல்லாம் அவள் பொறுப்பு.
ஏணியில் கை பிடிக்காமல் நிற்பாள்.
"உம்மட ஊர்ப்பக்கம்தானே,
என்னென்ன பாக்கலாம்?"

பற்றுச்சீட்டு ஒன்றைப் புரட்டிப் போட்டு
இருமல் பாணிக்கும் இன்சுலினுக்கும் நடுவில்
ஒரு வரி எழுதினாள்,
சனம் போனபின் இன்னொரு வரி.

றம்பொடை தாண்டினதும் காது அடைக்கும், எச்சில் முழுங்குங்க.
வாந்திப் பை ஆளுக்கு ரெண்டு.
ஏரியில அன்னப் படகு இருக்கு. நான் ஏறினதில்ல.
ஸ்ட்ராபெரி பார்க்கத்தான் அழகு, புளிக்கும்.
பகல் ரெண்டு மணிக்குப் பிறகு எதையும் பார்க்க நினைக்காதீங்க,
மூடுபனி எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிரும்.
கொழுந்து எடுக்கிறவங்கள போட்டோ புடிக்கிறதுன்னா
கேட்டுட்டுப் புடிங்க.
புடிச்ச பிறகு, இன்னைக்கு எத்தன கிலோன்னும் கேளுங்க.

கடைசி வரி வேறு பேனை:
புசல்லாவையில எங்க லயத்துக்கு மட்டும் போயிறாதீங்க.
அம்மா பால்மா கடன் வாங்கித்
தேத்தண்ணி ஊத்தும்.

போனோம்.
எல்லாம் செய்தோம், வரிசை பிசகி.
பிரசாந்தனின் சின்னவள் இரண்டு பையையும்
கம்பளைக்கு முன்னமே முடித்துவிட்டு
மூன்றாவதுக்கு என் தொப்பியைக் கேட்டாள்.
அன்னப் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.
மனைவி மிதிக்கவில்லை என்பது என் வாதம்,
நான் மிதிக்கவில்லை என்பது அவளுடையது,
வழக்கு இன்னும் நடக்கிறது.
இரண்டு மணிக்கு,
சொன்னபடியே,
மலை இல்லை. எதிர்க்கடை இல்லை. பிரசாந்தனும் இல்லை,
அவன் இருமல் மட்டும் இருந்தது.

தேயிலைச் சரிவில் ஒருத்தியிடம் கேட்டேன்.
"பதினாலு. புத்தகத்துல பன்னெண்டு விழும்"
என்று சிரித்தாள்.
பதினேழு வருடம் புத்தகம் எழுதுகிறவன் நான்,
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
படத்தில் நாங்கள் ஏழு பேரும் நடுவில்,
அவள் ஓரத்தில், பாதிக் கூடை.

திரும்பும்போது இருட்டு.
புசல்லாவை என்று பலகை வந்தது.
வான் நிற்கவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.
கண்ணாடியில் பனியைத் துடைத்து
சரிவில் எரிந்த ஜன்னல்களை எண்ணினேன்.
பதினொன்று வரை.
பிறகு வளைவு.

திங்கட்கிழமை அவளிடம் லீக்ஸ் கட்டொன்று கொடுத்தேன்.
மணந்து பார்த்து விலை கேட்டாள்.
சொன்னேன்.
"நல்லா ஏமாத்திட்டாங்க."

"அப்ப நீர் இஞ்ச வந்த புதிசில
என்னத்தைப் பாத்தனீர்?"
ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்.
அவள் யோசிக்கவே இல்லை.
"சைக்கிள், சேர்.
எங்க பக்கம் ஒண்ணு படி, இல்லாட்டி பள்ளம்.
இருபத்தாறு வயசுல முத்தவெளியில பழகினேன்,
சின்னப் பயலுக எல்லாம் பார்த்துச் சிரிக்க.
மிதிச்சாலும் போகுது,
மிதிக்காட்டியும் கொஞ்ச தூரம் போகுது!"

மாலை ஆறரைக்கு ஷட்டர் இறங்கியது.
வீதி நெடுக ஒரு மேடு இல்லை.
பஸ் ஸ்டாண்ட் தாண்டி, பண்ணைக் காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில்
தனலெட்சுமி இரண்டு கைகளையும் விட்டாள்.
கைப்பிடியில் தொங்கிய லீக்ஸ் கட்டு
இடமும் வலமும் ஆடி
இல்லாத வளைவுகளில்
திரும்பித் திரும்பிப் போனது.